கட்டில் எனக்கு, பாய் உங்களுக்கு

தீபத்துக்கு முந்தின வாரம் சென்னையிலிருந்து ஒரு வாசகி செல்போனில் கூப்பிட்டார். "உங்க வீட்டு மொட்டை மாடியில இருந்தே மகாதீபம் பார்த்துடலாமே... குடுத்து வச்சவங்க மேடம் நீங்க!"

அப்போது நான் சமையலறைத் தரையில், கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் கட்டிலில் என் நாத்தனாரின் சம்பந்தியம்மா படுத்திருந்தார். என் பீரோவுக்கு முன்னால் யாருடைய பையனோ கால் நீட்டிக்கொண்டு காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரரைக் காலையிலிருந்து காணோம். மாடித் தண்ணீர் டேங்க் நிழலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதாகத் தகவல்.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் என்றால் எவருக்கும் சொந்த வீடு கிடையாது. இது எங்கள் ஊர் வழக்கம். லாட்ஜெல்லாம் எப்போதோ நிரம்பிவிடும். அப்புறம் உறவு, உறவுக்கு உறவு, ஒரே பஸ்ஸில் வந்து சிநேகமானவர்கள்... எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஹாலைக் கொடுப்போம், கட்டிலைக் கொடுப்போம், பாத்ரூம் வாசலில் நாமே வரிசையில் நிற்போம். வந்தவர்கள் சொல்வது ஒரே வார்த்தைதான்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

பண்ணிக்கொள்கிறோம். அண்ணாமலையார் பேரைச் சொல்லி வருகிறார்கள், வேறென்ன செய்ய? ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? ஒரு வீட்டில் அட்ஜஸ்ட் செய்துகொள்பவர் யார்? வீட்டு ஆண்பிள்ளை மாடிக்குப் போவார், சரி. அடுப்படிக்குப் போவது யார்? அதற்கும் பின்னால், கொல்லைக்குப் போவது யார்?

இந்த வருஷம் ஒரு அம்மாள் போகமாட்டேன் என்றார். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

வேங்கிக்கால் பக்கம், கலெக்டர் ஆபீஸ் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு அறக்கட்டளை எட்டு ரூம் கட்டி வைத்திருக்கிறது. வயதானவர்களுக்கு. கையில் காசு கம்மி, ஆனால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்கிற ஆட்களுக்கு. முதியோர் இல்லம் என்று நினைத்துவிடாதீர்கள். மணி அடித்துச் சாப்பாடு போடுகிற சமாச்சாரமெல்லாம் அங்கே இல்லை. ஒரு அறை, அதிலேயே ஒரு மூலையில் சமையல் மேடை, ஒரு பாத்ரூம், ஒரு பூட்டு, ஒரு சாவி. வாடகை உண்டு. அரசாங்கம் தரும் முதியோர் பென்ஷனிலேயே கட்டிவிடக்கூடிய வாடகை. அந்த வாடகை எதற்கும் காணாது. மோட்டார் ரிப்பேர், மாதா மாதம் வந்து பார்க்கும் டாக்டர், வெள்ளை அடிப்பது எல்லாமே நன்கொடையில்தான் நடக்கிறது. மற்றபடி நீங்கள் எப்போது எழுந்திருக்கிறீர்கள், என்ன சமைக்கிறீர்கள், யாரோடு சண்டை போடுகிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

அந்தக் கமிட்டியில் நானும் ஒரு மெம்பர். பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதால் நோட்டீஸெல்லாம் ஓசியில் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று சேர்த்தார்கள். சேர்த்ததற்காக இப்போது வருத்தப்படுகிறார்கள்.

செயலாளர் கோதண்டம் சார். ரிட்டையர்டு தலைமையாசிரியர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். வெயிலில் அலைந்து, கடை கடையாக ஏறி இறங்கி, கம்பியும் கல்லும் கேட்டு வாங்கி அந்த எட்டு ரூமை எழுப்பியவர் அவர்தான். ஆனால் எல்லாரையும் ஐந்தாம் வகுப்பு 'பி' செக்‌ஷன் என்று நினைத்துப் பேசுவார். என்னையும் சேர்த்து.

தீபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் கமிட்டியைக் கூட்டினார்.

"சென்னையிலேர்ந்து தாமோதரன் குடும்பத்தோட வர்றாரு. கூட இன்னும் நாலஞ்சு டோனர்ஸ். லாட்ஜ் எதுவும் கிடைக்கல. நம்ம ரூம்ஸை ஒரு மூணு நாளைக்குக் காலி பண்ணிக் குடுத்துடலாம்."

தாமோதரன் என்பவர் சென்னையில் பெரிய சிமென்ட், கம்பி வியாபாரி. அந்தக் கட்டடத்துக்கு வந்த சிமென்ட் முழுக்க அவர் கொடுத்தது. காம்பவுண்ட் சுவரும் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"அங்க இருக்கறவங்க எங்க சார் போவாங்க?" என்றேன்.

"பின்னாடி ஷெட் இருக்குதே. கழுவி விட்டு ஃபேன் மாட்டச் சொல்லிட்டேன். சாப்பாடு வெளியிலேர்ந்து வந்துடும். நிம்மதியா இருப்பாங்க."

பின்னாடி ஷெட் என்பது கட்டட வேலைக்காகப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. மிச்சமிருந்த சிமென்ட் மூட்டைகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.

"அவங்க வாடகை கட்றாங்க சார். அவங்க வீட்டை நாம எப்படிக் குடுக்க முடியும்?"

எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கோதண்டம் சாருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இன்னாம்மா இது? தீபத்துக்கு நம்ம வீட்ல நாம குடுக்கறதில்லையா? நான் வருஷா வருஷம் மாட்டுக் கொட்டகையில படுக்கறேன். என் சம்சாரம் பாத்திரம் கழுவற இடத்துல படுக்கறா. ஊரே அப்படித்தான இருக்குது? அவங்க மட்டும் வேறயா?"

இதுதான் விஷயம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. வெளியூர் ஆளாக இருந்தால் யோசித்திருப்பார். திருவண்ணாமலைக்காரர், அதனால் யோசிக்கவில்லை. தீபம் என்றால் படுக்கையைக் கொடுப்பது மூச்சு விடுவது மாதிரி அவருக்கு.

கையைத் தூக்கச் சொன்னார்கள். என் கை தவிர மற்ற எல்லாக் கையும் ஒரு பக்கம். தீர்மானம் நிறைவேறியது. அதோடு விட்டார்களா? "லேடீஸ் சொன்னா கேட்டுப்பாங்க, நீங்களும் கூட வாங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார் கோதண்டம் சார். போனேன். என்ன நடக்கிறது என்று பார்க்கவாவது ஒரு ஆள் வேண்டாமா?

முதல் ரூமிலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தோம். தலையாட்டினார்கள். ஒருவர், "கட்டிக் குடுத்த மகராசங்க வர்றப்ப மாட்டேன்னு சொல்ல முடியுமா?" என்றார். சொன்ன விதத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

ஏழாம் ரூமில் நயினார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சமணர். நிலம் கைவிட்டுப் போய், மனைவியும் போய், தனியாக வந்தவர். சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டுவிடுவார், அப்புறம் பச்சைத் தண்ணிகூடக் கிடையாது. அதனால்தான் எந்த இல்லத்திலும் அவரால் இருக்க முடியவில்லை. இங்கே தனக்குத் தானே ஒரு பிடி அரிசி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

"சாயங்காலம் வெளிச்சாப்பாடு எத்தினி மணிக்கு வருங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஏழு, ஏழரைக்கு வந்துடும்."

"சரிங்க" என்றார். மூன்று நாளும் மத்தியானச் சாப்பாட்டோடு சரி என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது. கோதண்டம் சார் அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

எட்டாம் ரூம் ரஞ்சிதம்மாவுடையது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாக இருந்தவர். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சாதம் வடித்துப் போட்ட கை. இப்போதும் சமையல் கான்ட்ராக்ட்காரர் கூப்பிட்டால் கல்யாண வீடுகளுக்குக் காய் நறுக்கப் போவார். குரல் மட்டும் அப்படியே சத்துணவுக் கூடத்துக் குரல். வரிசையில் முண்டியடிக்கும் கடைசிப் பையன்வரை கேட்கும்.

கோதண்டம் சார் விஷயத்தைச் சொன்னார். ரஞ்சிதம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"முடியாதுங்க சார்."

"இன்னாது?"

"முடியாதுன்னேன்."

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க ரஞ்சிதம்மா..."

"அவங்கவங்க வீடு, அவங்கவங்க இஷ்டம். என் வீட்டை நான் காலி பண்ண மாட்டேன்."

"இது டிரஸ்ட்டோட ரூம்மா."

"அப்ப நான் யாரு சார்?"

கோதண்டம் சார் கொஞ்சம் திணறினார். "நீங்க... பயனாளி."

"பயனாளிகிட்ட யாராச்சும் மாசா மாசம் வாடகை வாங்குவாங்களா? வாங்குறீங்க இல்ல? வாடகை வாங்கினா வீடு என்துதான். வேணாம்னா வாடகையும் வேணாம்னு சொல்லுங்க, நான் ஓசியில இருக்கறவதான்னு நெனச்சிக்கினு எழுந்து போறேன்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மலையைப் பார்த்தேன்.

"மூணே மூணு நாள்தான்மா. நானே என் வீட்ல மாட்டுக் கொட்டகையில..."

கீரையைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்தார் ரஞ்சிதம்மா.

"சார், உங்க வீட்ல நீங்களா போய்ப் படுக்கறீங்க. உங்கள யாரும் போய்ப் படுன்னு சொல்லல. மூணு நாள் கழிச்சி உங்க கட்டில் உங்களுக்குத் திரும்பி வரும். எனக்கு வந்துதா? என் புள்ள வீட்ல நடு ரூம்ல படுத்துக்கினு இருந்தேன். ஒரு தீபத்துக்கு மருமவளோட அம்மா வீட்டுக்காரங்க வந்தாங்க. மூணு நாளைக்கு அடுப்பாங்கரையில படும்மான்னான். படுத்தேன். அவங்க போனாங்க, என் பொட்டி நடு ரூமுக்குப் போவல. அடுத்த வருசம் மல்லாட்ட மூட்ட வச்சிருக்கற கொட்டாய்க்குப் போன்னான். போனேன். அதான் கடைசி. நான் செத்தா அங்கேர்ந்துதான் தூக்குவாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தப்பதான் இந்த ரூம் கிடைச்சிது. அங்க மல்லாட்ட மூட்ட, இங்க சிமிட்டி மூட்ட. ரெண்டுக்கும் இன்னா சார் வித்தியாசம்?"

வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில் அவரைப் படுக்கப் போட்டிருந்தார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கோதண்டம் சாருக்கும் என்னவோ செய்திருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் தலைமையாசிரியர் இல்லையா? இறங்கி வர மனசு வரவில்லை.

"ஒத்துழைப்பு குடுக்கலன்னா, அடுத்த மாசம் ரூம் இருக்குமான்னு கமிட்டிதான் முடிவு பண்ணும். யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சிட்டேன் சார்" என்றார் ரஞ்சிதம்மா. கீரையை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "ரூம் போயிட்டா எங்க போவீங்க ரஞ்சிதம்மா?" என்று ஜன்னல் வழியாக ரகசியமாகக் கேட்டேன்.

"தெரியல பத்திரிகக்காரம்மா. ஆனா திரும்பக் கொட்டாய்க்கு மட்டும் போவ மாட்டேன்."

தீபத்துக்கு முதல் நாள். மற்ற ஏழு பேரும் பாய், தலையணை, மருந்து டப்பா சகிதம் ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். நயினார் தன் சின்ன ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு போனார். ஷெட்டில் அடுப்பு பற்ற வைக்கக்கூடாது என்று சொல்லி, அதை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். வைத்துவிட்டு வந்தார். எட்டாம் ரூம் கதவு மட்டும் உள்ளே தாழ் போட்டிருந்தது.

மதியம் சென்னைக்காரர்கள் வந்தார்கள். வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! போலீஸ்காரர்கள் வண்டியை எங்கேயோ ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து பெட்டியையும் பையையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நடை. தாமோதரனின் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி சாந்தாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. பின்னால் தாமோதரனின் அம்மாவைக் கைத்தாங்கலாக மகன் நடத்திக்கொண்டு வந்தான்.

மற்றவர்களை ஒவ்வொரு ரூமாக விட்டுவிட்டு, தாமோதரன் குடும்பத்தைக் கடைசி ரூமுக்குக் கூட்டி வந்தார் கோதண்டம் சார். அந்த ரூம் ஜன்னலில் இருந்துதான் மலை உச்சி நேராகத் தெரியும். அதனால் அதை அவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்.

தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"உள்ள ஆள் இருக்கா?" என்றார் தாமோதரன்.

"ஒரு வயசான அம்மா சார்... கொஞ்சம் பிடிவாதம்..."

"நான் சிமென்ட் குடுத்த ரூம்தான இது?"

கோதண்டம் சார் அவமானத்தில் சிவந்துபோனார். பாக்கெட்டில் கைவிட்டு ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். ஒவ்வொரு ரூமுக்கும் அறக்கட்டளையிடம் ஒரு மாற்றுச் சாவி உண்டு. யாராவது உள்ளே விழுந்துவிட்டால், மயங்கிவிட்டால் திறப்பதற்கு. வெளியிலிருந்து சாவி போட்டால் உள்தாழும் சேர்ந்து விலகுகிற மாதிரி பூட்டு அது.

நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

ஏன் நின்றேன் என்று இப்போதும் தெரியவில்லை. வீட்டில் என் கட்டிலை விட்டுக் கொடுத்துவிட்டு வாய் பேசாமல் வந்தவள்தான். ஆனால் அந்தச் சாவிக்கொத்தைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

"சார், அது அவங்க கீழ விழுந்தா திறக்கறதுக்கு வச்சிருக்கற சாவி. உங்க கௌரவம் விழுந்தா திறக்கறதுக்கு இல்ல."

"தள்ளி நில்லுங்கம்மா."

"மாட்டேன்."

"நீங்க கமிட்டி மெம்பர்!"

"அதனாலதான் நிக்கறேன்."

தாமோதரன் கடிகாரத்தைப் பார்த்தார். கோதண்டம் சார் என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் சாந்தா, அதுவரை வாயே திறக்காதவர், கணவரை ஒரு கையால் விலக்கிவிட்டு, என்னையும் தாண்டிக் கதவருகே குனிந்தார்.

"அம்மா... நான் வந்து... ரொம்ப நேரமா வண்டியில... கொஞ்சம் பாத்ரூம் போகணும்மா. உங்க வீட்ல போய்க்கட்டுமா?"

கதவு திறந்தது.

"அடப்பாவமே! இத மொதல்ல கேக்கக் கூடாதா? உள்ள வாம்மா, அந்தப் பக்கம். பக்கெட்ல தண்ணி ரொப்பி வச்சிருக்கேன்." சாந்தாவை உள்ளே விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார் ரஞ்சிதம்மா. "கேட்டா குடுக்க மாட்டேன்னு யாரு சொன்னது? யாரும் கேக்கலியே! காலி பண்ணுன்னுதான சொன்னீங்க?"

கோதண்டம் சார் சாவிக்கொத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். உண்மைதானே? நாங்கள் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சொன்னோம், தீர்மானம் போட்டோம், கைதூக்கினோம். கேட்கவில்லை.

சாந்தா முகம் கழுவிக்கொண்டு வந்தபோது கையில் ஒரு டம்ளர் மோர் இருந்தது. ரஞ்சிதம்மா கொடுத்தது. தாமோதரன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வெயில் கொளுத்தியது. கொஞ்ச நேரம் கழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"நான்... உள்ள வரலாமா?"

"தாராளமா வாங்க. செருப்பை மட்டும் வெளிய விட்டுடுங்க, இப்பத்தான் பெருக்கினேன்."

அப்புறம் ரஞ்சிதம்மா நிபந்தனைகளைச் சொன்னார். குரல் அதே சத்துணவுக் கூடத்துக் குரல். "சாந்தாம்மாவும் அவங்க மாமியாரும் இங்க என்கூடத் தங்கிக்கட்டும். ஆம்பளைங்க நயினார் ஐயா ரூம்ல தங்கிக்கட்டும், அவரு சரின்னு சொன்னா. கட்டில் எனக்கு, எனக்கு இடுப்பு வலி. பாய் உங்களுக்கு. அந்தப் பெரியம்மாவுக்கு வேணும்னா ரெண்டு பாயா போட்டுத் தரேன். காலையில காப்பி நான் போடுவேன். பாத்ரூமை நீங்க கழுவிக் குடுக்கணும்."

தாமோதரனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தான் சிமென்ட் கொடுத்துக் கட்டிய ரூமில் தனக்குப் பாயா என்று அவர் யோசிப்பது அப்படியே தெரிந்தது. ஆனால் சாந்தா பையைக் கீழே வைத்துவிட்டார். அம்மாமார்கள் முடிவு செய்துவிட்டால் அப்புறம் என்ன?

"அவரு சரின்னு சொன்னா" என்கிற வார்த்தை எப்படியோ ஷெட்வரை போய்விட்டது. சற்று நேரத்தில் நயினார் வந்தார். ஒரு கையில் பாய், மறு கையில் ஸ்டவ். கோதண்டம் சாரிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "என் ரூம்ல ரெண்டு பேரு தங்கலாங்க. ஆனா நானும் இருப்பேனுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் சமைப்பேன். அவங்களும் சாப்டறதுன்னா சொல்லட்டும், சேத்து அரிசி போடறேன்."

அவருக்குப் பின்னால் ஷெட்டே காலியாகி வந்துகொண்டிருந்தது. பாய், தலையணை, மருந்து டப்பா... எல்லாம் அதனதன் வீட்டுக்கு. சென்னைக்காரர்கள் ஆளுக்கொரு வாசலில் நின்று, "அம்மா, வரலாங்களா?", "ஐயா, இடம் இருக்குங்களா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அட, இவ்வளவு பேருக்கும் எப்படி இடம் பற்றியது என்று கேட்கிறீர்களா? திருவண்ணாமலைக்காரர்களிடமா கேட்கிறீர்கள்!

மறுநாள் தீபம். சாயங்காலம் எல்லாரும் அந்த எட்டு ரூம் கட்டடத்து மொட்டை மாடியில். எங்கள் ஊரில் மலையில் தீபம் எரிந்த பிறகுதான் வீட்டு வாசலில் அகல் ஏற்றுவோம். அதுவரை கண்ணெல்லாம் மேலே. நயினார் மட்டும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, தன் சாமி வேறு என்றாலும் வேடிக்கை எல்லாருக்கும் பொதுதானே என்று ஒரு ஓரமாக வந்து நின்றார்.

உச்சியில் சுடர் எழும்பியது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஊர் முழுக்க ஒரே குரல். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வந்தது.

கீழே இறங்கினோம். கோதண்டம் சார் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். நன்கொடையாளர்கள் வரிசையாக எட்டு வாசலிலும் விளக்கேற்ற வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். போட்டோகிராபர்கூட வந்துவிட்டார். சாந்தா தீப்பெட்டியோடு ரஞ்சிதம்மா வாசலில் உட்கார்ந்தார்.

ரஞ்சிதம்மா மெதுவாக அந்தத் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"எண்ணெய் நீ ஊத்தும்மா. திரி வேணும்னாலும் நீ போடு. ஏத்தறது நான்தான். என் வாசல்ல நான் ஏத்தற மொத கார்த்திகை இது."

சாந்தா எண்ணெய் ஊற்றினார். ரஞ்சிதம்மா ஏற்றினார். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவதில் பற்றியது. போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார். கோதண்டம் சார் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நேற்று கமிட்டிக் கூட்டம் வந்ததே! "கடைசி ரூம்வாசியின் ஒத்துழையாமை பற்றி முடிவெடுத்தல்." சுதந்திரப் போராட்டம் மாதிரி வார்த்தை! ரஞ்சிதம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். வந்தார். யாரும் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பொருளாளர் ஆரம்பித்தார். "தாமோதரன் சார் ஊருக்குப் போனதிலிருந்து ஒரு போன்கூடப் பண்ணல. காம்பவுண்ட் சுவர் அவ்வளவுதான். ஒருத்தர் பிடிவாதத்தால எல்லாருக்கும் நஷ்டம். இந்தம்மா ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா விட்டுடலாம். இல்லன்னா ரூமைக் காலி பண்ணணும்."

"எதுக்குங்க மன்னிப்பு?" என்றார் ரஞ்சிதம்மா. "வந்தவங்களுக்கு மோர் குடுத்ததுக்கா? பாய் போட்டுக் குடுத்ததுக்கா?"

"வாதம் பண்ணாதீங்கம்மா. கேக்கறீங்களா, இல்லையா?"

"கேக்க மாட்டேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, முந்தானையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அந்தக் கதவுக்கு வெளியே அவருக்கு இந்த உலகத்தில் ஒரு இடமும் இல்லை. அது அவருக்கும் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஏதோ சத்தம். நயினார் நின்றுகொண்டிருந்தார். பின்னால் மற்ற ஆறு பேரும். ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறார்கள். நயினார் உள்ளே வந்து, இடுப்பிலிருந்து தன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ரஞ்சிதம்மா போனா நானும் போறேனுங்க."

அடுத்தவர் வைத்தார். அடுத்தவர். "கட்டிக் குடுத்த மகராசங்க" என்றாரே, அவரும் வைத்தார். மேஜைமேல் ஏழு சாவி. போக்கிடம் இல்லாத ஏழு பேர், இருக்கிற ஒரே இடத்தை எடுத்து மேஜைமேல் வைக்கிறார்கள். எனக்கு அழுகையா, ஆங்காரமா என்றே தெரியவில்லை. எழுந்து நின்று கத்திவிட்டேன்: "எடுத்துக்கோங்க சார்! எட்டு ரூமையும் பூட்டி வச்சுக்கோங்க! வருஷத்துக்கு ஒரு தடவை தீபத்துக்குத் திறந்துக்கலாம்!"

கோதண்டம் சார் அந்தச் சாவிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பாக்கெட்டிலிருந்து தன் மாற்றுச் சாவிக்கொத்தை எடுத்து, அவற்றின் பக்கத்தில் வைத்தார்.

"இதையும் நீங்களே வச்சுக்கோங்க" என்றார், குரல் எழும்பாமல். "உங்க சாவி பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இருக்கட்டும். விழுந்தா கிழுந்தா அவங்கதான முதல்ல ஓடி வரப்போறாங்க? நான் ஊருக்குள்ளேர்ந்து எப்ப வந்து சேர்றது..." பிறகு ரஞ்சிதம்மாவைப் பார்த்தார். "நான் கேட்டிருக்கணும்மா."

ஐந்தாம் வகுப்பு 'பி' செக்‌ஷன் வாத்தியார் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பொருளாளர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார். காம்பவுண்ட் சுவர் வராது என்கிறார். வராவிட்டால் போகட்டும்! முள்வேலி போட்டுக்கொள்வோம். கொடுத்தவர் கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்தான், கும்பிடுகிறோம். ஆனால் கொடுத்ததை முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். நினைத்தபோது நுழைய ஒரு கதவை வைத்துக்கொண்டு கொடுப்பதற்கு என்ன பெயர்? வயசானவர்களுக்கு வேண்டியது கூரை மட்டுமா? அந்தக் கூரைக்குக் கீழே "முடியாது" என்று சொல்ல ஒரு வாய் வேண்டாமா?

இன்று காலை சாந்தா என் செல்லுக்குப் போன் செய்தார். கணவருக்குத் தெரியாமல்தான் பேசுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. "அடுத்த தீபத்துக்கு நாங்க வரலாமான்னு ரஞ்சிதம்மாகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

போய்க் கேட்டேன். அடுத்த வாரம் போளூரில் ஒரு கல்யாணத்துக்குக் காய் நறுக்கப் போக, அரிவாள்மனையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வரச் சொல்லுங்க. ஆனா முன்னாடியே சொல்லிட்டு வரச் சொல்லுங்க பத்திரிகக்காரம்மா. நான் ஊர்ல இருப்பனோ, எங்கனா போயிருப்பனோ!"

ஆரணியிலிருந்து அடுத்த வருஷமும் வரவிருக்கும் என் நாத்தனாருக்கு, பத்திரிகை மூலமாகவே ஒரு வார்த்தை: தாராளமாக வாங்க அண்ணி... கட்டில் எனக்கு.